பின்னிருக்கை

முல்லிங்கார் ரயில் நிலையம், சனிக்கிழமை, பத்து மணி.
இரட்டைச் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காத்திருக்கிறேன்.
வாரத்தில் ஐந்து நாள் டப்ளினில்
இரட்டை மாடிப் பேருந்து ஓட்டுபவள் நான்.
எழுபது பேரை இழுத்துப் பழகிய தோளுக்கு
இன்று ஒரே ஒரு பயணி.

மாலக்கி இறங்குகிறான்.
வரி அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவன்;
ஊரார் கோபமெல்லாம் அவன் இடது காதில்.
மடக்குக் கோலால் என் பூட்ஸைத் தட்டிப் பார்த்து,
"நேரத்துக்கு வந்த பேருந்தா?
இன்றைக்கு மழை நிச்சயம்" என்கிறான்.

அவனுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது.
எனக்குப் பிறந்ததிலிருந்தே வாய் அடங்காது.
எனவே முன்னிருக்கை எனக்கு.

கால்வாய் ஓரமாகத் தொடங்குகிறது சரளைப் பாதை.
ஒரு காலத்தில் குதிரைகள் படகுகளை இழுத்து நடந்த தடம்.
கார் இல்லை. லாரி இல்லை.
ஹாரனுக்கு இந்தப் பக்கம் சொந்தக்காரர் யாரும் இல்லை.

முதல் மூன்று மைல் நான் வர்ணித்துக்கொண்டே வந்தேன்:
இதோ நாணல்,
இதோ சிவப்புக் கதவு வைத்த படகு,
இதோ சாம்பல் நாரை ஒன்று,
கடன் வசூலிக்க வந்தவன் மாதிரி
அசையாமல் நிற்கிறது.
அவன் சிரிக்கவில்லை.
"ஃபிடெல்மா, கொஞ்சம் சும்மா வா.
பாதை கேட்கமாட்டேன் என்கிறது."

பாதை கேட்குமா?
இருபத்திரண்டு வருடம் எஞ்சினோடு குடித்தனம் நடத்தியவள் நான்.
என் காதுக்குள் ஒரு டீசல் ஓடிக்கொண்டே இருக்கிறது,
தூக்கத்திலும்.

வாயை மூடினேன்.
முதலில், டயருக்கடியில் பொரி நொறுங்குவதுபோல்.
"புதுச் சரளை. போன மாதம் கொட்டியிருப்பார்கள்."
பிறகு மாவு சலிப்பதுபோல்.
"மர நிழல். நேற்றைய ஈரம் இன்னும் போகவில்லை."
பிறகு சட்டென்று எல்லாம் கூடத்துக்குள் போனதுபோல்.
"பாலம்! குனி!"

குனிந்தேன்.
என் தலைக்கு மேலே நான்கடி உயரத்தில்
நிதானமாகக் கடந்துபோனது கல் வளைவு.
அவன் சிரிப்பு அதில் மோதி
எங்களுக்கு முன்னால் ஓடியது.

மதகுக் கதவருகே, பாதையின் நட்டநடுவில், ஓர் அன்னம்.
பின்னால் நான்கு அழுக்குநிறக் குஞ்சுகள்.
பிரேக் பிடித்தேன்.
கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போனது.
நான்கு நிமிடம் தாமதம் என்றது மனசு.
எந்த நிறுத்தத்துக்கு? யார் காத்திருக்கிறார்கள்?
அன்னம் கழுத்தை நீட்டிச் சீறியது.
"பெரிய பறவையா?"
"டிப்போ மேலாளர் அளவுக்கு."
"அப்படியானால் உட்காருவோம்."

புல்லில் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச் தின்றோம்.
கசிந்த மதகிலிருந்து நீர் சொட்டும் ஒலியை
அவன் விரலால் தொடையில் தட்டி எண்ணினான்.
எத்தனை வரை என்று நான் கேட்கவில்லை.
எவ்வளவு நேரம் என்றும் பார்க்கவில்லை.
"போய்விட்டது" என்றான்.
நான் திரும்பிப் பார்த்தபோது
தண்ணீரில் ஐந்து கோடுகள் மட்டும்.

அதற்குப் பிறகு நேர்ப்பாதை.
கண்ணுக்கெட்டியவரை ஆள் இல்லை, நாய் இல்லை.
ஏன் செய்தேன் என்று தெரியாது. கண்ணை மூடினேன்.
ஒன்று.
கைப்பிடி திடீரென்று கனத்தது.
இரண்டு.
தண்ணீர் எந்தப் பக்கம் என்று
இடக்கன்னத்துக்குத் தெரிந்தது, ஒரு மெல்லிய குளிராக.
மூன்...

"திற."

"எப்படித் தெரிந்தது?"
"பெடல் சொன்னது. என்னை மாதிரி மிதித்தாய்."
கொஞ்ச தூரம் போனபிறகு:
"எனக்கு நீச்சல் தெரியாது, ஃபிடெல்மா."

மழை வரவில்லை.

திங்கட்கிழமை காலை,
நகரத்தின் முதல் சிவப்பு விளக்கில்
பிரேக்கை அழுத்தியபோது
பூட்ஸ் அடியில் நறுக்கென்றது ஒரு சரளைக்கல்.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
ஷிஃப்ட் முடியும்வரை
அதை நான் எடுக்கவில்லை.